பத்து லட்சம் துண்டான சைக்கிள்

ஜியென் யாசின் டீச்சரை ஜியாயி ஊரில் தெரியாதவர்களே கிடையாது என்று நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். உடனே திருத்தினார். “அப்படிச் சொல்லாதீங்க. ஒரு முன்னூறு பேருக்குத் தெரியும். அதுல பாதிப் பேர் என் பழைய மாணவங்க.”

அவர் சுபாவமே அது. அப்பா காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூவுகிறவர். வீட்டுக்கு வந்தாலும், சாதாரண முட்டைக்கோஸை உலகத்திலேயே பெரிசு என்றுதான் சொல்வார். அந்த வீட்டில் வளர்ந்த மகள் எதையும் ஒரு படி குறைத்தே பேசப் பழகிக்கொண்டார். புயலில் கூரை பறந்தபோது, “கொஞ்சம் காத்து” என்று தங்கைக்குக் கடிதம் எழுதினாராம்.

இருபத்தாறு வருடம் டியூஷன் வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். சீன மொழி பேசுகிறவர்களுக்காக வாரம் ஒரு பாடத்தை இணையத்தில் எழுதுவார். அவருடைய ஆசை, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் தேர்வில் தேற வேண்டும் என்பது. மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் போயிற்று. மூன்றாம் தடவை தேர்வாளர் எழுதிய குறிப்பை என்னிடம் காட்டினார்: ‘பொருள் சரி. எடை இல்லை.’ சாட்சி “கொடூரமான அடி” என்று சொன்னதை “பலமான அடி” என்று மாற்றியிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஒரு நோட்டுப் போட்டு, ஆங்கிலச் சொற்களை எடை வாரியாக எழுத ஆரம்பித்தார். பயிற்சிக்காக எங்கள் அலுவலகத்துக்கும் வருவார். நான் அங்கே குமாஸ்தா. அக்கம்பக்கத்துச் சண்டை, சின்ன விபத்து, இதையெல்லாம் கோர்ட்டுக்குப் போகாமல் பேசித் தீர்க்கிற இடம். வெளிநாட்டுக்காரர் வந்தால் டீச்சர்தான் மொழிபெயர்ப்பார்.

ஒரு நாள் வந்தது ஆமான் அக்கா. வான்கோழிச் சோற்றுக் கடை வைத்திருப்பவர். அவருடைய ஸ்கூட்டரும் டெக்லன் என்ற அயர்லாந்துக்காரரின் சைக்கிளும் சந்து முனையில் மோதிக்கொண்டன. டெக்லனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. சைக்கிளிலேயே எங்கள் தீவைச் சுற்றி வரக் கிளம்பியவருக்குச் சைக்கிள் இல்லாமல் பயணம் நின்றுவிட்டது.

ஆமான் அக்கா உள்ளே வரும்போதே, “ஐயோ, வெயில்ல செத்தேன்! உங்க படியேறி செத்தேன்! காலையிலேர்ந்து சாப்பிடல, பசியில செத்துட்டிருக்கேன்!” என்று உட்கார்ந்தார்.

மத்தியஸ்தர் லூ ஐயா, டெக்லன் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை மொழிபெயர்த்துப் படிக்கும்படி டீச்சரிடம் சொன்னார். டீச்சர் தாளைப் பார்த்தார். அவர் விரல் ஒரு வரியில் நின்றது. வழக்கமாக அந்த இடத்தில்தான் குறைப்பார். அன்று மூச்சை இழுத்துக்கொண்டு முழுசாகச் சொன்னார்.

“அந்தப் பெண்மணி ராக்கெட் மாதிரி வந்தார். நான் செத்தே போனேன். என் சைக்கிள் பத்து லட்சம் துண்டாகிவிட்டது.”

ஆமான் அக்கா எழுந்துவிட்டார். “என்னது? செத்தானா? அப்ப இங்க குந்தியிருக்கிறது யாரு, ஆவியா? டேய் தம்பி, என் ஸ்கூட்டருக்கு இருபது வயசு! அது ராக்கெட்டா?”

குரலைக் கேட்டே டெக்லனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகம் சிவந்து, ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொன்னார். ஆமான் அக்கா கைப்பேசியை அவர் வாய்க்கு நேராக நீட்டி மொழிபெயர்க்க வைத்தார். கைப்பேசி, “நான் மாட்டை ஊதினேன்” என்றது. எங்கள் மொழியில் மாட்டை ஊதுவது என்றால் பொய்ப் பெருமை அடிப்பது.

“பாத்தீங்களா! அவனே ஒத்துக்கிட்டான், பொய்யின்னு!”

டீச்சர் லூ ஐயாவிடம், “ஐயா, மொழிபெயர்ப்பாளரா ஒரு விளக்கம் சொல்லலாமா?” என்று கேட்டார். அவர் தலையசைத்தார்.

“அக்கா, இன்னைக்கு இந்த அறைக்குள்ள வந்ததிலேர்ந்து நீங்க எத்தனை தடவை செத்தீங்க?”

“நானா?”

“வெயில்ல ஒண்ணு, படியில ஒண்ணு, பசியில ஒண்ணு.”

லூ ஐயா தேநீரைத் துப்பாமல் இருக்கப் பாடுபட்டார்.

“அதெல்லாம் பேச்சுக்குச் சொல்றது, டீச்சர்!”

“அவரும் பேச்சுக்குத்தான் சொன்னார். இப்ப அவர் சொன்ன வார்த்தை எக்ஸாஜரேட். உணர்ச்சியில பெரிசாக்கிட்டேன்னு அர்த்தம். ஏமாத்தினேன்னு இல்ல. கணக்கையோ அளவையோ கூட்டிச் சொன்னா அது ஓவர்ஸ்டேட். ருசிக்காகக் கதைக்கு எண்ணெயும் வினிகரும் ஊத்தினா எம்பெல்லிஷ். மாட்டை ஊதுறது வேற, அது தன்னைப் பத்தின பீத்தல்.”

பிறகு டெக்லனிடம் திரும்பி, உண்மையில் என்ன உடைந்தது என்று கேட்டார். முன்சக்கரம் கோணல், மட்கார்டு இரண்டு துண்டு என்றார் அவர்.

“ரெண்டா?” ஆமான் அக்கா உட்கார்ந்தார். “ரெண்டுன்னு மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே. எந்தம்பி சைக்கிள் கடைதான் வெச்சிருக்கான். மூணு நாள்ல சரி பண்ணிருவான். அதுவரைக்கும் பயல் நம்ம கடையில சாப்பிடட்டும். முழங்கால் எப்படியிருக்கு, கேளுங்க.”

கேட்டார். அன்றே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்த வாரப் பாடம் மிகைப்படுத்தும் சொற்களைப் பற்றித்தான். பெயர்களை மாற்றி, சைக்கிளை அப்படியே வைத்து எழுதினார். வழக்கமாக நாற்பது பேர் படிக்கிற பக்கத்தை அந்த வாரம் இரண்டாயிரம் பேர் படித்தார்கள். செங்துவிலிருந்து ஒருவர் எழுதினார்: ‘என் மனைவி தினமும் கோபத்தில் சாகிறாள். இது எந்த வகை?’

இலையுதிர் காலத்தில் நான்காம் தடவை தேர்வெழுதினார். தேறினார். சேதியைச் சொல்ல வந்தவர் என் மேசை முன்னால் நின்று, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு ரொம்ப, ரொம்ப சந்தோஷமா இருக்கு” என்றார். நானே எழுந்து நின்றுவிட்டேன்.

அவர் எழுதியதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. பினாங்கில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் கேட்டிருந்தார்: ‘நோயாளி ஆங்கிலத்தில், வலியில் சாகிறேன் என்கிறார். அது மிகையா, உண்மையா? எப்படித் தெரிந்துகொள்வது?’

டீச்சர் பதிலுக்கு நோட்டைப் புரட்டவில்லை. இரண்டே வரி எழுதினார்: ‘சொல்லை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதலில் படுக்கையருகே போய்ப் பாருங்கள்.’