அவனியாபுரத்துக்கு அழைத்துப் போன மாத்திரை

எண்பதுகளின் பிற்பகுதி. மதுரையில் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வீடு பழங்காநத்தத்தில்.

அன்று மருந்தியல் வகுப்பில் பேராசிரியை ஒரு செயற்கை மருந்தைப் பற்றிச் சொன்னார். வெளிநாட்டில் சிலர் அதை விருந்துகளில் விழுங்குகிறார்களாம். மூளையில் செரட்டோனின் என்ற பொருளை ஒரேயடியாகக் கொட்ட வைக்குமாம். நெஞ்சு படபடக்கும், தாடை இறுகும், உடம்பு கொதிக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் அந்தச் சில மணி நேரம் எதிரில் யார் இருந்தாலும் அவர்மேல் அன்பு பொங்குமாம். வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்தது செய்முறை வகுப்பு. விருப்பப்பட்டவர்களுக்கு ஆளுக்கொரு வெள்ளை மாத்திரை. பாதிப் பேருக்குக் காபியில் இருக்கிற கஃபீன், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாவு மாத்திரை. யாருக்கு எது என்று அடுத்த வாரம்தான் சொல்வார்கள். நாங்கள் நாடித்துடிப்பைப் பார்த்து எழுத வேண்டும். அரை மணி நேரத்தில் எனக்கு எழுபத்தாறிலிருந்து தொண்ணூற்றெட்டுக்கு ஏறிவிட்டது. காது சூடானது. பக்கத்தில் இருந்தவளைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. எனக்கு விழுந்தது மருந்துதான் என்று நோட்டில் அழுத்தி எழுதினேன்.

வெளியே வந்ததும் அக்கா ஞாபகம் வந்தது. வீட்டை எதிர்த்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அவனியாபுரத்தில் இருந்தாள். கல்யாணமான மறுவாரம் கல்லூரி வாசலுக்கு என்னைத் தேடி வந்தவளிடம், "எனக்கு அக்கான்னு யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவள் நான். ஒன்றரை வருடமாகப் பேச்சில்லை.

பழங்காநத்தம் பஸ்ஸை விட்டுவிட்டு அவனியாபுரம் பஸ்ஸில் ஏறினேன். மருந்து தெளிவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஒரே அவசரம். மச்சான் லேத் பட்டறை வைத்திருந்தார். அவர் பெயரைச் சொன்னதும் பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டைக் காட்டினார்கள்.

கதவைத் திறந்த அக்காவின் இடுப்பில் ஒரு குழந்தை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"மன்னிச்சுக்கக்கா. மாத்திரையைப் போட்டுட்டு வந்துட்டேன்."

"அடிப்பாவி, எம்புட்டுடி முழுங்குன?" என்று அலறினாள். குழந்தையைத் தரையில் உட்கார வைத்துவிட்டு, உப்புத் தண்ணீரைக் கலக்கி என் வாயில் ஊற்றினாள். "ஏங்க, ஓடியாங்க! ஆட்டோவைக் கூப்புடுங்க!"

மச்சான் கிரீஸ் கையோடு ஓடிவந்தார். துப்பிக்கொண்டே, "சாகுற மாத்திரை இல்லக்கா, காலேஜுல குடுத்தது!" என்று நான் விளக்குவதற்குள் தெருவே கூடிவிட்டது.

விஷயம் புரிந்ததும் அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகை எப்போது சிரிப்பானது என்று இருவருக்குமே தெரியவில்லை. மச்சான் மட்டும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "அந்த மாத்திரையில இன்னும் ரெண்டு கெடைக்குமா? ஒங்க அப்பா அம்மாவுக்கும் குடுத்துருவோம்" என்றார்.

அடுத்த வாரம் பட்டியலைப் படித்தார்கள். எனக்குக் கொடுத்தது மாவு மாத்திரை! வகுப்பே சிரித்தது. நானும்தான். அன்று மாலையே அவனியாபுரம் போய் அக்காவிடம் சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும்டி" என்று கூசாமல் பொய் சொன்னாள்.

அன்பைக் கிளப்பும் மருந்துகளைப் பற்றி இப்போது ஏதாவது செய்தி வந்தால் எனக்குச் சிரிப்பு வரும். நினைத்திருந்தால் அந்த ஒன்றரை வருடத்தில் எந்த நாளும் ஒரு பஸ் ஏறிப் போயிருக்கலாமே என்று, கூடவே கொஞ்சம் வெட்கமும் வரும்.