பக்கத்து சீட் பிரேக்

முப்பத்தொரு வருஷம் ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர், யோசித்துப் பார்த்தால், தானே ஓட்டிய தூரம் ரொம்பக் கொஞ்சம். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு விதித்தது பக்கத்து சீட்தான். காலடியில் இன்னொரு பிரேக், இன்னொரு கிளட்ச். கையில் ஓர் அடி ஸ்கேல். அந்த ஸ்கேலால் டேஷ்போர்டில் ஒரு தட்டுத் தட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், இரண்டு தட்டினால் நிறுத்த வேண்டும், மூன்று தட்டினால் இறங்கி நடக்க வேண்டும். மூன்று தட்டு வாங்கியவர்கள் ஊரில் இன்றைக்கும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவர் நீதிபதி. எல்லோருக்கும் இவர் 'பிரேக் மாஸ்டர்'.

மூன்று தட்டுக்குக் காத்திராமல் தானாகவே இறங்கி நடந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் மாஸ்டரின் மனைவி. கல்யாணமான இரண்டாம் வருஷம், மனைவிக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் பேர்வழி என்று மாஸ்டர் கிளம்பினார். மூன்றாம் நாள், நட்டநடு நாற்சந்தியில், சிக்னல் பச்சையாக எரியும்போதே அந்த அம்மாள் இன்ஜினை அணைத்தார். சாவியை மாஸ்டர் மடியில் போட்டார். கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தே போய்விட்டார். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தே மாஸ்டரின் மானத்தை வாங்கிவிட்டார்கள்.

அந்த அம்மாளுக்கு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. 'ஊசியம்மா' என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். வலிக்காமல் குத்துவார் என்று பேர். ஐம்பது வயதில் ஒருநாள் மாஸ்டரின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு லைசென்ஸைக் கொண்டுவந்து வைத்தார்.

"யாருகிட்ட கத்துக்கிட்ட?"

"எதிர்த்தாப்ல."

எதிர்த்தாப்ல என்றால் தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் இன்னொரு டிரைவிங் ஸ்கூல். மாஸ்டருக்கும் அந்த ஸ்கூல்காரருக்கும் இருபது வருஷமாக ஏழாம் பொருத்தம். மாஸ்டர் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. எதிர் ஸ்கூல்காரருக்கோ ஒரு மாசம் வாயெல்லாம் பல்.

இருவரும் ஒரே வருஷம் ஓய்வு பெற்றார்கள். பழைய கேம்பர் வேன் ஒன்றை வாங்கினார்கள். பகலில் சீட், ராத்திரி கட்டில்; ஒரு சின்ன அடுப்பு; பிரேக் போட்டால் கலகலவென்று பேசும் தட்டு ரேக். அதில் நாற்பது நாள் ஊர் சுற்றினார்கள். மாஸ்டர் ஆசை தீர ஸ்டியரிங் பிடித்தார். ஆளில்லாத நேர் ரோடாகப் பார்த்து ஊசியம்மாவுக்குக் கொடுப்பார். கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பாரா? "கண்ணாடி பாரு", "ஓரம் ஓரம்", "கியர மாத்து" என்று வாய் ஒருபக்கம். கையோடு கொண்டுவந்த ஸ்கேல் டேஷ்போர்டில் ஒருபக்கம். இல்லாத பிரேக்கை மிதிக்கும் வலது கால் இன்னொரு பக்கம். நாற்பது நாளில் பக்கத்து சீட்டின் காலடி ரப்பர் மேட்டில் கட்டைவிரல் அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது.

ஆனால் ஒன்று. வேலையில் இருந்த காலத்தில் மாஸ்டர் பேச்சையெல்லாம் காரிலேயே செலவழித்துவிட்டு, தொண்டை கட்டி வீட்டுக்கு ஊமையாகத்தான் வருவார். இந்த நாற்பது நாளில்தான் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். டீ ஆறிப்போகிற வரைக்கும் பேசினார்கள். இப்படி ஒருத்தியோடா இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினோம் என்று மாஸ்டருக்கே ஆச்சரியமாக இருந்தது. அடுத்த வருஷம் கடலோர ரோடு என்று இருவரும் முடிவு பண்ணி, வரைபடத்தில் பென்சிலால் கோடுகூடப் போட்டாயிற்று.

கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் மாஸ்டர் தன் வாயாலேயே கெட்டார். வேன்கள் ராத்திரி தங்கும் முகாமில் யாரோ ஒருவர் வேனைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடாமலே மாஸ்டர் ஓடிப்போய், "வரட்டும், வரட்டும், இன்னும் வரட்டும்" என்று கையை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்து, தண்ணீர் போகும் குழியில் காலை விட்டார். அந்த ஆள் வேனை அழகாக நிறுத்திவிட்டுத்தான் வந்து இவரைத் தூக்கினார். வலது கணுக்கால் பன் மாதிரி வீங்கிவிட்டது.

வீட்டுக்கு இன்னும் முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர். காலையில் ஊசியம்மா தலையை இறுக்கி முடிந்துகொண்டு டிரைவர் சீட்டில் ஏறினார். சாவியைப் போடவில்லை.

"இன்னிக்கு வீடு போய்ச் சேர்ற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

"எதிர்ல லாரி வந்தா?"

"எனக்கும் கண்ணு இருக்கு. நான் ரத்தம் எடுக்கும்போது யாராவது பக்கத்துல நின்னுக்கிட்டு, லெஃப்ட்ல குத்து லெஃப்ட்ல குத்துன்னு கத்தினாங்களா? முப்பது வருஷத்துல ஒரு நரம்பு தப்பினதில்ல."

"சரி, தொறந்துட்டேன்னு வையி?"

"அடுத்த வருஷம் கடலோர ரோட்டுக்கு நானும் எங்க அக்காவும் போவோம். ராத்திரியே போன்ல அவகிட்ட பேசியாச்சு. நீங்க வீட்டுல செடிக்குத் தண்ணி ஊத்துங்க."

அக்கா வண்டியில் ஏறினதும் தூங்கிவிடுவாள். இறங்கும்போதுதான் கண்ணைத் திறப்பாள். கூட வர அதைவிட என்ன தகுதி வேண்டும்? சொன்னால் செய்கிற பொம்பளை. நாற்சந்தியிலேயே பார்த்தவராயிற்றே.

"ஸ்கேலையும் குடுங்க" என்று வாங்கி, ஊசியம்மா அதைத் தட்டு ரேக்கில் செருகிவிட்டார்.

மாஸ்டர் புதினா மிட்டாய் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டார். பேச்சு நாக்கு நுனிக்கு வரும்போதெல்லாம் ஒரு மிட்டாய். முதல் மணி நேரத்தில் ஒன்பது மிட்டாய் தீர்ந்தது. ஒரு வளைவில் மணல் லாரி ஒன்று முந்திக்கொண்டு குறுக்கே வரவும், மாஸ்டரின் வீங்கின கால் தன்னையறியாமல் ரப்பர் மேட்டை ஓங்கி மிதித்தது.

"ஆ... அய்யோ!"

ஊசியம்மா திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் காலைக் காட்டினார். வாயைக் காட்டி, இது பேச்சில்லை, வலி என்று கையாலேயே கெஞ்சினார்.

"போனா போகுது. இது கணக்குல வராது."

நல்லவேளை என்று மாஸ்டர் மூச்சு விட்டார்.

பதினோரு மணிக்கு மலை இறக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டாவது கியர், இரண்டாவது கியர் என்று மாஸ்டரின் நெஞ்சு அடித்துக்கொண்டது. இரண்டு மிட்டாயைச் சேர்த்து வாயில் போட்டார். அவர் கடிப்பதற்குள் ஊசியம்மா இரண்டாவது கியருக்கு வந்துவிட்டார். வளைவுக்கு வளைவு வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுத்தார். வைப்பர் சத்தத்தில் முதலில் மாஸ்டருக்குப் பிடிபடவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"மூணு கண்ணாடி, ஒரு கழுத்து. மூணு கண்ணாடி, ஒரு கழுத்து."

மாஸ்டர் ஆடிப்போனார். அது அவருடைய பாடம். மூன்று கண்ணாடியையும் பார்த்துவிட்டு, அதையும் நம்பாமல் கழுத்தைத் திருப்பி ஒரு தரம் பார் என்று அவராக உண்டாக்கியது. எதிர் ஸ்கூலில் இதெல்லாம் கிடையாது. கல்யாணமான புதிதில், அந்த மூன்று நாளில், அத்தனை கத்தலுக்கு நடுவே சொன்னதை இவள் இன்னும் வைத்திருக்கிறாளா? கேட்டுவிட வாய் துறுதுறுத்தது. கேட்டால் கடலோர ரோடு போச்சு. மனிதர் சந்தோஷத்தையும் மிட்டாயோடு சேர்த்து விழுங்கினார்.

மூன்று மணிக்கு வேன் அவர்கள் தெருவுக்குள் திரும்பியது. இனி பத்தடிதான் பாக்கி. ஆனால் அந்தப் பத்தடிதான் விஷயம். வீட்டுக்கும் பக்கத்து மதிலுக்கும் நடுவில் உள்ள சந்தில் வேனைப் பின்னோக்கி விட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம். வலது மதிலில் மழைத்தண்ணீர்க் குழாய் ஒன்று இடுப்புயரத்தில் துருத்திக்கொண்டிருக்கும். இதுவரை மாஸ்டரைத் தவிர யாரும் அங்கே விட்டதில்லை.

எதிர் ஸ்கூல்காரர் டீ கிளாஸோடு வாசலில் நின்றார். பார்த்தார். விடுவாரா?

"அடடே, நம்ம ஸ்டூடண்ட் ஓட்டிட்டு வர்றாங்க! நில்லுங்கம்மா, நான் பார்த்துச் சொல்றேன்!"

வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு ஆரம்பித்தார். "ஸ்டியரிங்க ஒடிங்க... வலது பக்கம் ஒடிங்க... இன்னும்... வரட்டும்!" அவர் நின்ற இடத்திலிருந்து குழாய் தெரியாது. கண்ணாடியில் மாஸ்டருக்கு நன்றாகத் தெரிந்தது. இந்தக் கணக்கில் விட்டால் பின்விளக்கு தூள். மிட்டாய் பாக்கெட்டைத் துழாவினார். காலி.

ஊசியம்மா பாதியில் நிறுத்தி, முன்னால் எடுத்து, மறுபடி விட்டார். பால்கனிகளில் தலைகள் முளைத்தன.

"அப்படி இல்லம்மா! சொன்னதைக் கேளுங்க! எத்தனை தரம் சொல்றது? ஒடிங்க! ஒடிங்கன்னா ஒடிக்க மாட்டீங்களா?"

கியரின் மேல் இருந்த ஊசியம்மாவின் கை கியரைத் தப்பாகத் தள்ளியது. முப்பது வருஷம் ஒரு நரம்பு தப்பாத கை. காது மடல் சிவந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, இன்னொரு கையைச் சாவிப் பக்கம் கொண்டுபோனார். இந்த முகத்தை மாஸ்டர் ஒரே ஒரு தரம் பார்த்திருக்கிறார், நாற்சந்தியில். அன்றைக்கு இப்படிக் கத்தியது யார் என்பதும் அவருக்கு நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அழுகைகூட வரும்போல் இருந்தது.

கடலாவது ரோடாவது! மாஸ்டர் ஜன்னல் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ்! வாய மூடுய்யா! அவளுக்கு ஓட்டத் தெரியும்!"

எதிர் ஸ்கூல்காரர் டீ கிளாஸோடு வேனுக்குப் பின்னாலிருந்து ஒதுங்கினார்.

ஊசியம்மா மாஸ்டரைப் பார்க்கவில்லை. சாவிப் பக்கம் போன கை ஸ்டியரிங்குக்குத் திரும்பியது. மூணு கண்ணாடி, ஒரு கழுத்து. வேன் மெதுவாகப் பின்னால் போனது. குழாய் நாலு விரல் தள்ளிக் கடந்தது. தட்டுகள்கூடச் சத்தம் போடவில்லை. இன்ஜின் அணைந்தது.

"பேசிட்டீங்க."

"தெரியும்."

"முந்நூறு கிலோமீட்டர் தாங்கினவருக்குப் பத்தடி தாங்கல."

"அவன் உன்னைப் பார்த்துக் கத்துனது தாங்கல. அன்னிக்கு நானும் அப்படித்தானே கத்தினேன்? தப்புதான். இப்பதான் தெரியுது." முப்பது வருஷம் தாமதமாகச் சொல்கிறோமே என்று மாஸ்டருக்கு உறைத்தது.

ஊசியம்மா போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார். மாஸ்டர் செடிகளை நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அக்கா, வந்து சேர்ந்துட்டோம். ஆமா, தோத்துட்டாரு. வீட்டு வாசல்லயே தோத்தாரு... இல்லக்கா, நீ வர வேணாம். இவரையே கூட்டிட்டுப் போறேன்... எதுக்கா? நம்மகிட்டக் கத்துறவங்களப் பார்த்துத் திருப்பிக் கத்துறதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல?"

மாஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அந்த ஸ்கேலு?"

"அது தட்டு ரேக்லயே இருக்கட்டும்" என்றார் ஊசியம்மா.