விமானம் என்றுதான் அண்ணன் எழுதினார்

அண்ணனின் முதலாமாண்டு நினைவுப் பூசைக்கு வந்திருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் வணங்குகிறேன். இந்த நினைவு மலருக்காக அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி வீட்டில் கேட்டார்கள். நல்ல வார்த்தைகளுக்கு ஒன்றும் குறைவில்லை. அவர் உயிரோடு இருந்தபோது அவற்றைச் சொல்லாத வாய்கள்தான் இங்கே அதிகம். என் வாயையும் சேர்த்தே சொல்கிறேன்.

அண்ணன் பிறந்தது ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா காலமானபோது அண்ணனுக்குப் பதினெட்டு வயது, எனக்கு எட்டு. துறைமுகத்துக்கு எதிரே ஒரு சரக்கு ஏஜெண்டு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். யுத்தத்தின்போது குண்டு விழப்போகிறது என்று பட்டணமே காலி செய்துகொண்டு ஓடியது. முதலாளியும் ஓடினார். அலுவலகச் சாவியை வைத்துக்கொண்டு இங்கேயே கிடந்தவர் அண்ணன். திரும்பி வந்த முதலாளி அவரைக் குமாஸ்தா ஆக்கினார். அதை ஏதோ பெரிய தர்மம் செய்ததுபோல இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறார்.

யுத்தம் முடிந்த பிறகு வெளிநாட்டுச் சரக்கு மீனம்பாக்கத்தில் விமானத்திலும் வந்து இறங்கத் தொடங்கியது. கப்பலா, விமானமா என்று வியாபாரிகள் குழம்பினார்கள். அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது அண்ணனின் வேலை. ஒரு முழுத்தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் கப்பல், வலப்பக்கம் விமானம் என்று எழுதுவார். எவ்வளவு எடை, எவ்வளவு இடம் அடைக்கும், கெட்டுப்போகுமா, எத்தனை நாள் காத்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு இரண்டு பக்கமும் நிரப்புவார். அப்புறம்தான் ஒரு பக்கத்தின் கீழே கோடு போடுவார். கைக்குட்டைத் துணியை விமானத்தில்தான் அனுப்புவேன் என்று ஜம்பமாக வந்து நின்ற ஒருவரிடம், "துணி இன்னா அழுவியா பூடும்? ஷோக்குக்குப் பிளேன் ஏத்தாதீங்க. கப்பல்ல போட்டுட்டு நிம்மதியா தூங்குங்க" என்றாராம். மருந்துக்குக் கப்பல் கேட்டு வந்தவரிடம், "சார்ஜைப் பார்த்து மெரண்டுடாதீங்க. மருந்து வர்றதுக்குள்ள ஆளு பூட்டா இன்னா பண்ணுவீங்க?" என்று சண்டையே போட்டிருக்கிறார்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளி எதையும் வாயால்தான் சொல்வார். தாளில் இருப்பது குமாஸ்தாவின் கையெழுத்து மட்டும். பாழாய்ப்போன அந்த வழக்கம்தான் அண்ணனைத் தின்றது.

எங்கள் சந்தில் பாதிப் பேர் வேலை பார்த்த பஞ்சாலையில், இயந்திரத்தின் பற்சக்கரம் ஒன்று உடைந்துபோனது. புதியது இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். அதோடு ஒரு கனத்த இரும்புச் சட்டமும் வர இருந்தது. சட்டம் மெல்ல வரலாம். சக்கரம் இல்லாமல் ஆலை ஓடாது. ஆலைக்காரர்கள் கேட்ட அந்தத் தாளை அண்ணன் வீட்டில் உட்கார்ந்தே எழுதினார். நான் பக்கத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சட்டம் கப்பலில், சக்கரம் விமானத்தில் என்று எழுதிக் கோடு போட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

முதலாளி ஒரு கப்பல் கம்பெனிக்கும் ஏஜெண்டு. கப்பலில் ஏறினால் அவருக்குக் கமிஷன் உண்டு. விமானத்தில் ஏறினால் கிடையாது. "ரெண்டும் கப்பல்லயே வரட்டும். தாளை மாத்தி எழுதிக்கினு வா" என்று சொல்லிவிட்டார். வியாபாரிகளோடு மல்லுக்கு நின்ற மனிதர் இதற்கு ஏன் இணங்கினார் என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கப்பல் வந்தது. துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் நாள் கணக்காகக் கடலிலேயே நின்றது. உள்ளே வந்த பிறகும் சக்கரப் பெட்டி மற்ற சரக்குகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. அதுவரை ஆலை மூடிக் கிடந்தது. விசாரித்தவர்களிடம் முதலாளி அண்ணன் கையெழுத்திட்ட தாளைக் காட்டினார். அந்த ஆலையில் வேலை பார்த்த எதிர்வீட்டு மங்கை அக்காவின் கணவர் எண்ணூர் உப்பளத்தில் கூலிக்குப் போனார். அவர்கள் மகளின் படிப்பு நின்றது. அக்கா நடுச்சந்தில் நின்று, "நீ நல்லா இருப்பியா நைனா? பிளேன்ல வர வேண்டியத கப்பல்ல ஏத்திவுட்டு எங்க வூட்டு அடுப்ப அணைச்சிட்டியே!" என்று கத்தினார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தார். "உண்மையைச் சொல்லேண்ணா" என்று கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. "கையெழுத்து என்னுது பாப்பா, யாரப் போய் கேக்கறது?" என்று அவரே சொன்னார். அன்றிலிருந்து வேலைக்கு அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போனார்.

பிறகு அவரைக் கிடங்கில் எடை பார்க்கும் வேலைக்குத் தள்ளினார்கள். தோல் மூட்டைகளின் தூசியில் நெஞ்சு கெட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பது வயதுகூட நிறையவில்லை.

நன்றி சொல்ல வேண்டும். இறுதி நாட்களில் வீடு தேடி வந்து நற்கருணை கொடுத்த பங்குச் சாமியாருக்கும், கல்லறை வரை தோள் கொடுத்த கிடங்குத் தொழிலாளர்களுக்கும் நன்றி. 'விசுவாசமான ஊழியர்' என்று முதலாளி அனுப்பிய அனுதாபச் செய்தியை இங்கே அச்சிடவில்லை. என் கணவர் இன்னும் அவரிடம்தான் வேலை பார்க்கிறார். இதைப் படித்துவிட்டு, "போடு. வேலை போனா போவுது" என்றார். அவருக்கும் நன்றி.

மங்கை அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்? அடக்கம் முடிந்து வந்த அன்று முதலில் எங்கள் வீட்டுக்குள் வந்தவர் நீங்கள். கஞ்சியை என் கையில் கொடுத்து, "தப்பு பண்ணாத மனுசன் யாரு? நான் அவர மன்னிச்சிட்டேன், அழுவாதே" என்றீர்கள். உங்களுக்கு எழுத்து தெரியாது. இந்தப் பக்கத்தை நானே வந்து படித்துக் காட்டுகிறேன். அண்ணன் விமானம் என்றுதான் எழுதினார், அக்கா. என்னைக் கட்டிக்கொள்ள இருந்தவருக்கு அந்த முதலாளி அப்போதுதான் வேலை கொடுத்திருந்தார். "மாத்தி எழுதிக் குடுத்துடுண்ணா, இல்லாட்டி என் கல்யாணம் நின்னுபூடும்" என்று அண்ணனின் காலைப் பிடித்தவள் நான். நீங்கள் அவரை மன்னித்தபோது நான் வாயே திறக்காமல் அந்தக் கஞ்சியைக் குடித்தேன்.