வண்டன்மேட்டுக்குத் தாமதமாகப் போன குட்டிக் கார்

சித்திரையில் என் அக்கா இறந்துபோனாள். அவள் உட்கார ஆசைப்பட்ட காரை ஆடியில்தான் வண்டன்மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். செத்தவளுக்குக் கார் எதற்கு என்று கேட்பீர்கள். அக்கா வீட்டுக்காரரான மாமாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சாவுக்கு பஸ்ஸில் போனபோது அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து கூட்டத்தில் ஒளிந்துகொண்டேன்.

கார் எங்கள் அப்பாவுடையது. இத்தாலிக்காரன் வடிவமைத்த பழைய குட்டிக் கார். ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர், உருண்டை விளக்குகள். கல்யாணமாகி எங்கள் ஊர் எருத்தேன்பதியிலிருந்து அக்கா மலையேறியது இதில்தான். மாட்டுக்கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததைக் கோயம்புத்தூர் பட்டறையில் விட்டு, ஒன்றரை வருடம் ஞாயிறு தவறாமல் பக்கத்தில் நின்று புதுப்பித்தேன். இப்போது இளநீலத்தில் அப்படியொரு அழகு. பாழாய்ப்போன அழகு.

காலை 5.10க்கு ஊரிலிருந்து கிளம்பினேன். பொள்ளாச்சி, பழனி, வத்தலக்குண்டு, தேனி, கம்பம் என்று 272 கிலோமீட்டர். பெட்ரோல் 2,330 ரூபாய். ஐம்பதுக்கு மேல் விரட்டவில்லை. டீக்கு நிறுத்திய இடமெல்லாம் கூட்டம், செல்பி.

கம்பம்மெட்டு ஏற்றத்தில் 2.20க்கு இன்ஜின் கொதித்து நின்றது. எதிரே வந்த ஜீப் டிரைவர் இறங்கி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார்.

"யண்ணே, பொம்மை மாதிரில்ல இருக்கு! யாருக்குக் காட்டக் கொண்டு போறீங்க?"

"அக்காவுக்கு" என்று வாய் தவறி வந்துவிட்டது.

"குடுத்து வச்ச அக்கா!" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

3.45க்கு வண்டன்மேடு. மாமாவுக்கு அரை ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம். வேலையை விட்டு வாசலுக்கு வந்தார். காரை ஒரு சுற்று சுற்றினார். பின்கதவைத் திறந்து சீட்டைத் தடவினார்.

"உங்க அக்கா தெனமும் கேட்டா மாப்ள. வேலை முடியலையாம்னு நாந்தான் சமாதானம் சொன்னேன். எப்ப ஓட ஆரம்பிச்சது?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

"மாசியிலயே ஓடுச்சுங்க மாமா. ஹாரன் வளையம் மட்டும் ஒரிஜினல் கெடைக்கலீங்க. அது வரட்டும்னு இருந்துட்டேனுங்க."

பழைய வண்டிப் பைத்தியங்களுக்கு இது புரியும். ஹாரன் அடிக்க ஸ்டீயரிங்கில் அழுத்தும் அந்த வளையம் இல்லாமல், தற்காலிகப் பொத்தானிலேயே ஹாரன் நன்றாக அடித்தது. ஆனாலும் குறையோடு அவளிடம் காட்ட எனக்கு மனசு வரவில்லை. "தம்பீ, நா ஒருக்கா அதுல உக்காரோணும்டா" என்று போனில் கேட்பாள். இன்னும் கொஞ்சம் வேலை இருக்குதுக்கா என்பேன். வளையம் வைகாசியில் வந்தது.

மாமா கதவை மெதுவாகச் சாத்தினார்.

"கடைசி ரெண்டு மாசம் அவளுக்குப் பார்வையே இல்ல மாப்ள. தம்பி மனசொடிஞ்சு போவான், சொல்லாதீகன்னுட்டா."

கேட்க வந்த மன்னிப்பைக் கேட்காமலே உள்ளே போய் உட்கார்ந்தேன். காப்பி கொடுத்தார், குடித்தேன். காரில் ஏறி உட்காருங்கள் என்று அவரிடம் சொல்லத் துணிவில்லை.

பழைய காரில் இந்த மலை ஏறுகிறவர்கள் இரண்டு கேன் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள். ஒரிஜினல் உதிரிக்காகக் காத்திருந்தால், காத்திருக்காதீர்கள். ஹாரன் வளையம் இல்லாமலும் கார் நன்றாக ஓடும். மூன்று மாதம் பட்டறையைச் சுற்றி அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.