மாப்பிள்ளை டீம்

கனடாவில் கத்தரிப்பூ நிறச் சட்டை போட்ட ஒரு கால்பந்து அணி இருந்தது. அதன் சொந்தப் பெயர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. மாப்பிள்ளை டீம் என்றுதான் சொல்வோம். மிங்கலா தாங்ஞுன்ட் என்ற பர்மியப் பேட்டையில், ரயில் போகும்போதெல்லாம் தட்டுமுட்டுச் சாமான்கள் அதிர்கிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் அம்மாவும் அம்மாவின் அண்ணனான மாமாவும் அந்த அணி உருப்படாமல் போக வேண்டும் என்று ஒரு வருடம் கும்பிட்டார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. நானும் கும்பிட்டேன்.

காரணம் சித்தி. அம்மாவுக்குத் தங்கை, ஊருக்கு நடுவே கியாக்டடாவில் ஓர் அலுவலகத்தில் வேலை. அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை அந்த அணியில் இருந்தார். ஆட்டக்காரர் இல்லை. ஆட்டக்காரர்களின் அழுக்குச் சட்டைகளைத் துவைத்து, தலைக்கவசங்களைத் துடைத்து அடுக்குகிறவர். எங்கள் ஊரிலேயே அலோன் பக்கம் இருந்த அவருடைய அம்மா வந்து சித்திக்குப் பூ வைத்துவிட்டுப் போனார். மாப்பிள்ளை போனில் முகத்தைக் காட்டி, "சீசன் முடியாம ஒரு நாள் லீவு தர மாட்டாங்கக்கா. முடிஞ்ச மறுநாளே ஏறிடுவேன்" என்று அம்மாவிடம் சொன்னார்.

இதற்கு நடுவே ஜோசியர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். சித்திக்கு ஐப்பசி வரைக்கும்தான் குருபலமாம். அதற்குள் தாலி ஏறாவிட்டால் கஷ்டம் என்றார். மாமா பஞ்சாங்கத்தையும் அந்த அணியின் ஆட்ட அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க யோசித்தார். ஐப்பசி தொடக்கத்தில் கடைசி லீக் ஆட்டம். அதில் தோற்றால் அணி வீட்டுக்குப் போய்விடும், மாப்பிள்ளை விமானம் ஏறிவிடுவார். ஜெயித்தால் அடுத்த சுற்று, அப்புறம் இன்னொரு சுற்று என்று ஐப்பசி போயே போய்விடும். "ஆக, டீம் தோக்கணும்" என்றார் மாமா. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

அங்கே வெள்ளிக்கிழமை ராத்திரி ஆடினால் இங்கே சனிக்கிழமை காலை. பால் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, மோஹிங்கா மீன் நூடுல்ஸ் கிண்ணங்களோடு சுற்றி உட்காருவோம். காலால் உதைப்பதைவிடப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். மாமாவுக்கு அது பெரிய எரிச்சல். மைதானத்தின் ஓரத்தில் மாப்பிள்ளை நிற்பார் என்று கேள்வி. அம்மாவுக்கு ஒரு மூலையில் தெரிவார், மாமாவுக்கு இன்னொரு மூலையில். எனக்கு எல்லா இடத்திலும் தெரிந்தார். சித்தி மட்டும் ஒரு முறைகூட அதோ என்று கை நீட்டியதில்லை.

கடைசி ஆட்டத்துக்கு முன்னால் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைக்கு ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். "மாப்பிள்ளை டீம்னு சொல்லுங்க சாமி" என்றாள் அம்மா. ஐயர் மாமாவைப் பார்த்தார். மாமா அசரவில்லை. நட்சத்திரம் தெரியாதவர்களுக்குப் பெயரின் முதல் எழுத்தை வைத்துச் சொல்வதுதானே வழக்கம். மா என்றால் மகம் என்றார். ஐயரும் தலையெழுத்தே என்று மகத்துக்கு அர்ச்சனை செய்தார். தோற்க வேண்டும் என்ற வேண்டுதல் அம்மாவின் மனசுக்குள் இருந்தது. ஐயர் வாய்விட்டுக் கேட்டதெல்லாம் க்ஷேமமும் விஜயமும்தான்.

அந்தச் சனிக்கிழமை ஆட்டம் கடைசி வரை சமநிலையில் நின்றது. சில வினாடிகள் இருக்கும்போது மாப்பிள்ளை டீம்காரன் ஒருவன் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்க வந்தான். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவன் உதைத்தான். பந்து கம்பத்துக்கு வெளியே போய், மைதானத்தின் பின்கோட்டையும் தாண்டி விழுந்தது. "விட்டுட்டான்! விட்டுட்டான்!" என்று மாமா குதித்தார். நான் அவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடினேன். திரையிலோ கத்தரிப்பூச் சட்டைகளும் ஆடின. மாப்பிள்ளை டீமுக்கு ஒரு புள்ளி ஏறியிருந்தது. அந்த ஊர் ஆட்டத்தில், குறி தப்பினாலும் பந்து அப்படிப் பின்கோட்டைத் தாண்டினால் ஒரு புள்ளி உண்டாம். ஜெயித்துவிட்டார்கள்.

"இது என்னய்யா அக்கிரமம், தப்பா ஒதைச்சவனுக்கு பாயிண்டா!" என்று மாமா கத்தினார். அம்மா அழவே தொடங்கிவிட்டாள். சித்தி கிண்ணங்களை எடுத்து அடுக்கினாள்.

"அழாதக்கா. வர்றவரு ஜெயிச்சாலும் வருவாரு, தோத்தாலும் வருவாரு."

எவ்வளவு நம்பிக்கை பார் என்று அம்மா அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

ஐப்பசி போயிற்று. தை மாதம் அலோனிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வந்தார். என்னை லஃபெயே வாங்கி வர டீக்கடைக்கு அனுப்பினார்கள். நான் தூக்கோடு திரும்பியபோது அவர் போய்விட்டிருந்தார். யாருமே அந்தத் தேநீரைக் குடிக்கவில்லை. என்ன பேச்சு என்று அன்று எனக்கு யாரும் சொல்லவும் இல்லை. குருபலம் போன பெண்ணைக் கட்டி என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டாராம். பிள்ளை அங்கே ஒருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது அதற்கப்புறம் தெரியவந்தது. பூ வைத்த நாளிலேயே நடத்திக்கொண்டிருந்தாராம். கார்த்திகை தாண்டினால் வைகாசி கடைசி வரை அந்த ஊரில் ஆட்டமே கிடையாது என்பதை நானே வளர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். பூ வைத்த பிறகு, அந்தச் சீசன் தொடங்கும் முன்னால், தை, மாசி, பங்குனி எல்லாம் சும்மாதான் கிடந்தன. வர நினைத்தவனுக்கு எத்தனையோ முகூர்த்தம்.

ஆனால் அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு புள்ளிதான். அடுத்த சீசனை மாமாவின் போனில் நான் தனியாகப் பார்த்தேன். என் வேண்டுதலில் குறை வைக்கவில்லை. மாப்பிள்ளை டீம் அடி மேல் அடி வாங்கியது. ஐப்பசியில் கடைசி ஆட்டமும் தோற்று வெளியேறியபோது சித்தி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டிருந்தவளிடம் ஓடினேன்.

"சித்தி! டீம் தோத்துடுச்சு! அடுத்த ரவுண்டு கெடையாது! இந்தத் தடவ அவரு வந்துடுவாருல்ல?"

பளாரென்று அறைந்தாள். என்மேல் அதுவரை அவள் விரல்கூடப் பட்டதில்லை. பாதி கன்னத்துக்குத்தான் தனாக்கா பூசியிருந்தாள். அப்படியே பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நியாயம் கேட்க அடுக்களைக்கு ஓடினேன். நல்ல சேதி சொன்னதற்குச் சித்தி அடித்துவிட்டாள் என்றேன். என்ன சேதி என்று அம்மா கேட்டாள். சொன்னேன். என்னை யாராவது தொட்டால் தெருவே கேட்கச் சண்டை போடுகிறவள், அன்று சித்தியை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடி வாங்கியது நான். இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.