மெத்தை விளம்பரத்தில் தூங்கியவள்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸ்களை ஃப்ரேமில் பொருத்துவது அவள் வேலை. மாலை வெயில் லென்ஸ்களில் பட்டுச் சுவரெல்லாம் ஒளிவட்டங்கள் நீந்தும். அப்படியொரு மாலையில், கண்ணாடி வாங்க வந்த புகைப்படக்காரர் ஒருவர் அவளிடம் கேட்டார்:

"ஒரு மெத்தை விளம்பரத்துக்குச் சும்மா படுத்துக் காட்டணும். வர்றீங்களா?"

விளையாட்டாகத்தான் போனாள். ஸ்டுடியோ விளக்குகளின் இளஞ்சூட்டில் வெள்ளை விரிப்பில் தலை சாய்த்தவள், நடிப்பதற்கு முன்பே நிஜமாகத் தூங்கிப்போனாள். எழுப்ப மனமில்லாமல் அப்படியே எடுத்துவிட்டார்கள். விழித்ததும் காட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது; சரி என்றாள்.

அந்தப் படம் இணையமெங்கும் போனது. செய்தி படித்தாலும், மழை வருமா என்று பார்த்தாலும், ஓரத்தில் அவள் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். விளம்பரத்துக்காகச் சேர்த்த மேகங்கள் அவள் தலைக்கு மேல் மெல்ல நகர்ந்தன. கடைக்கு வருபவர்கள், "உங்கள எங்கேயோ பார்த்திருக்கேனே" என்று இழுத்தார்கள். கூட வேலை பார்ப்பவர்கள் 'தூக்கராணி' என்று பேர் வைத்தார்கள். முதலில் சிரித்தாள். பிறகு, யார் யாரோ தன் கட்டிலைச் சுற்றி நிற்பதுபோல் கூசியது.

தம்பியிடம் புலம்பினாள்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? ஆட் பிளாக்கர் போட்டா முடிஞ்சுது."

"மத்தவங்க பார்ப்பாங்களேடா?"

"அதுக்கு நான் என்னக்கா பண்ண? உன் கண்ணுல படாது."

வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். பக்கங்கள் கழுவிவிட்ட தரைபோல் ஆகிவிட்டன. அவளுக்கு மூச்சு விட்டதுபோல் இருந்தது.

அவள் கணவருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. ஒரு நாள் அவள் வீடு திரும்பியபோது அவர் கம்ப்யூட்டர் முன்னால் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"இதுல ஏதோ கெட்டுப்போச்சு. எல்லாம் வெறிச்சோடிக் கிடக்கு."

"கெடலைங்க. தம்பி விளம்பரத்தையெல்லாம் நிறுத்திட்டான்."

"உன்னையுமா?"

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"நான் வரும்போது நீ கிளம்புறே. நீ வரும்போது நான் கிளம்புறேன். நீ தூங்குறத நான் பார்க்கிற ஒரே இடம் அதுதான். டீ குடிச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் பார்ப்பேன். அப்புறம்தான் எனக்குத் தூக்கமே வரும்."

யார் யாரோ பார்க்கிறார்கள் என்று குமைந்தவளுக்கு, அந்தக் கூட்டத்தில் இவரும் நிற்பார் என்று தோன்றியதே இல்லை. தானே தேடிப்பிடித்து ஆட் பிளாக்கரை நிறுத்தினாள். பக்கம் மெல்ல நிறைந்தது. மேகங்கள் வந்தன, அவளும் வந்தாள். தூங்கும் குழந்தையைப் பார்ப்பதுபோல் இருவரும் பார்த்தார்கள்.

"அன்னிக்குக் குறட்டை விட்டிருப்பேனோ?" என்றாள் கிசுகிசுப்பாக.

"விடாம இருப்பியா?"

அடுத்த வாரமே அவர் முதலாளியிடம் போய்ப் பகல் வேலை கேட்டார். உடனே கிடைக்கவில்லை. விடாமல் கேட்டு, மழைக்காலம் முடிந்தபோது வாங்கிவிட்டார். அதற்குள் மெத்தைக் கம்பெனி படத்தை மாற்றியிருந்தது. அதே மேகங்களுக்குக் கீழே வேறொரு பெண், கன்னத்துக்கு அடியில் கையை வைத்துத் தூங்கினாள்.

அவர் ஒரு கணம்தான் பார்த்தார்.

"யார் வீட்டுப் பொண்ணோ. நாம எதுக்குப் பார்க்கணும்? தூங்கட்டும்" என்று சொல்லி, ஆட் பிளாக்கரை அவரே மறுபடி போட்டார்.