டிராயர் நெறஞ்சிருக்கு

எங்கள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் என்று எழுதிய பலகை நன்றாகப் பளபளவென்று இருக்கும். உள்ளே போனால்தான் சங்கதி தெரியும். மின் அலையைத் திரையில் காட்ட வேண்டிய சி.ஆர்.ஓ. நடுவில் ஒரே ஒரு பச்சைப் புள்ளியை வைத்துக்கொண்டு முறைக்கும். பவர் சப்ளைகள் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அடுக்கி வைப்பதைத் தவிர அவற்றால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. நான் கரும்பலகையில் சாக்பீஸால் அலை வரைவேன், மாணவிகள் அதைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் அலை வரைவார்கள். இதற்கு எங்கள் கால அட்டவணையில் செய்முறை வகுப்பு என்று பெயர்.

இப்படியே ஓட்டியிருப்போம். ஆனால் போன வருடம் தாளாளர் கூப்பிட்டு, ஆய்வுக்குழு வரும்போது லேப் லேப்பாக இருந்தால் துறை இருக்கும், இல்லாவிட்டால் மூடிவிடலாம் என்றார். மாணவிகளைக் காரியாபட்டியைத் தாண்டி மதுரைப் பக்கம் இருக்கும் நம் இன்னொரு கல்லூரிக்கு மாற்றிவிட்டால் போயிற்று என்றார். பெஞ்சை இந்த அறையிலிருந்து அந்த அறைக்குத் தூக்கிப் போடச் சொல்லும் குரலில்தான் சொன்னார். அப்படியானால் கருவிகள் வாங்கித் தாருங்கள் ஐயா என்றேன். பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கலாம் என்று சொன்ன எதையும் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

என் மாணவிகள் திருச்சுழிப் பக்கமிருந்தும் பந்தல்குடிப் பக்கமிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள். அருப்புக்கோட்டை வரைக்கும் அனுப்புவதற்கே வீட்டில் பெரிய பஞ்சாயத்து நடந்திருக்கும். சேர்க்கையன்று ஒரு பெண்ணின் அப்பா என்னிடம், “டவுனு வரைக்கும் சரி மேடம். அதுக்கு மேல எங்க வீட்ல விடமாட்டாக” என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார். மதுரைப் பக்கம் மாற்றினால் இவர்களில் பாதிப் பேர் நூற்பு மில்லுக்குப் போவார்கள், மீதிப் பேருக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள். எனக்கு இது ஜோசியம் இல்லை. ஏற்கெனவே கண்ணால் பார்த்ததுதான். அந்த மாதங்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை, வீட்டில் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தேன்.

அப்போதுதான் போனில் அந்தப் போட்டி கண்ணில் பட்டது. லேப் கருவிகள் விற்கும் வடக்கத்திக் கம்பெனி ஒன்று நடத்தியது. உங்கள் லேபுக்கு ஏன் கருவிகள் வேண்டும் என்று ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். ஜெயித்தால் அந்த சி.ஆர்.ஓ.வுக்குப் பதில் புது டிஜிட்டல் ஸ்கோப், பவர் சப்ளை, மல்டிமீட்டர்கள், உதிரி பாகங்கள் எல்லாம் அவர்களே வீடு தேடி அனுப்புவார்கள். ஒரே ஒரு நிபந்தனை, ஆசிரியர்கள் பேசக் கூடாது. லேபைப் பயன்படுத்துகிறவர்களும் பராமரிக்கிறவர்களும்தான் பேச வேண்டும். எந்த மொழியில் பேசினாலும் அவர்களுடைய தளமே ஆங்கிலத்தில் எழுத்து ஓட்டிக்கொள்ளுமாம். எனக்கு அது தெய்வாதீனமாகத் தோன்றியது. நீச்சல் தெரியாதவளுக்குக் கயிறு தெரிந்தால் போதாதா?

மாணவிகளைப் பேசவிட்டேன். போனைப் பார்த்ததும் எல்லாரும் சுதந்திர தின விழாப் பேச்சுக்குப் போய்விட்டார்கள். அவையோருக்கு வணக்கம் என்று ஒருத்தி ஆரம்பித்தாள். இன்னொருத்தி எழுதி மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் ஓடி, கடைசியில் தன் பெயரை மறந்தாள். எத்தனையோ முறை எடுத்தும் தேறவில்லை. கடைசியில் லேப் உதவியாளர் அக்காவைக் கூப்பிட்டேன்.

அந்த அக்கா நான் சேர்வதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பவர். ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர் எல்லாம் வைக்கும் இரும்பு பீரோவின் சாவி அவர் முந்தானையில்தான் இருக்கும். திருச்சுழிக்குப் போகிற வழியில் ஊர். வானத்தை நம்பி மிளகாய் போடுகிற கொஞ்சம் கரிசல் உண்டு. ஒரே மகன் சவுதிக்குப் போயிருந்தான். அவன் போன் பேசி ரொம்ப நாளாகிவிட்டது என்று கல்லூரிக்கே தெரியும். ஆனால் யார் விசாரித்தாலும், “நல்லாருக்கான், வேல நெறைய” என்பார். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது.

நீங்கள் எப்போதும் போல பீரோவைத் திறந்து காட்டுங்கள், என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள் என்றேன். அக்காவுக்குக் கேமரா பயமே இல்லை. ஒவ்வொரு டிராயராக இழுத்தார். “இது டிரான்சிஸ்டரு. நெறஞ்சிருக்கு. இது கெப்பாசிட்டரு. இதுவும் நெறஞ்சிருக்கு. ஒயரு போன வருசமே நெறஞ்சிருச்சு.” குரல் அவ்வளவு கனிவாக இருந்தது. காலி டிராயரை மூடும்போது கையால் ஒரு தடவு தடவிவிட்டு மூடினார். போனைப் பிடித்திருந்த மாணவி அக்காவின் முகத்தையே படம் பிடித்திருந்தாள். டிராயரின் உள்பக்கம் படத்தில் விழவில்லை. மாணவிகளோடு சேர்ந்து இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். இதுதான் நம் வீடியோ என்று முடிவு செய்து, அன்றைக்கே அனுப்பிவிட்டோம். எங்களில் ஒருவருக்கும் எதுவும் உறுத்தவில்லை.

சில வாரங்களில் பதில் வந்தது. மிக மரியாதையான பதில். உங்கள் ஆய்வகத்தில் எல்லா உதிரி பாகங்களும் போதிய அளவில் இருப்பு இருப்பதால், தேவை அதிகமுள்ள கல்லூரிகளுக்கு முன்னுரிமை தருகிறோம், வாழ்த்துகள் என்று இருந்தது.

போதிய அளவில் இருப்பா! எனக்குத் தலை சுற்றியது. வீடியோவை அவர்களுடைய தளத்திலேயே திறந்து பார்த்தேன். அக்கா டிராயரை இழுக்க இழுக்க, கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. டிரான்சிஸ்டர் நிறைய இருக்கிறது. கெப்பாசிட்டரும் நிறைய இருக்கிறது. ஒயர் போன வருடமே நிறைந்துவிட்டது. கூடவே அக்காவின் சிரித்த முகம்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்ல மாட்டார்கள். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை என்பதெல்லாம் வாயில் வரவே கூடாது. அரிசி நெறஞ்சிருக்கு என்று உள்ளேயிருந்து குரல் வந்தால், வெளியே இருப்பவர் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். நானும் அப்படிக் கேட்டே வளர்ந்தவள். அதனால்தான் அந்தச் சொல் என் காதில் சரியாகவே விழுந்திருக்கிறது. படம் எடுத்தவள், பார்த்தவர்கள், அனுப்பியவள் என்று அத்தனை பேரும் இல்லை என்றே கேட்டிருக்கிறோம். கம்ப்யூட்டர் மட்டும் சொன்னதைச் சொன்னபடி கேட்டிருக்கிறது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதேன்.

அவர்களுடைய அலுவலக எண்ணுக்குப் போன் மேல் போன் போட்டேன். நல்ல வேளையாகத் தமிழ் தெரிந்த ஒரு தம்பி கிடைத்தார். சென்னையில் வளர்ந்தவர் போல. விளக்கிச் சொன்னதும் சிரித்தார். பிறகு என் குரலைக் கேட்டுச் சிரிப்பை நிறுத்தினார். நடுவர்களிடம் பேசிவிட்டு மறுநாள் கூப்பிட்டார். வீடியோ காலில் வாருங்கள், ஆனால் காலி டிராயரைக் காட்டுவதை மட்டும் வைத்து ஒப்புக்கொள்ள மாட்டார்கள், போன் வருவதற்கு முன் யார் வேண்டுமானாலும் டிராயரைக் காலி செய்யலாம் அல்லவா என்றார். மொழிபெயர்ப்பில்தான் பிழை என்றால், அந்த அம்மாவே இருக்கிறதா இல்லையா என்று நேராகச் சொல்லட்டும், அது போதும் என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. ஒரு சொல்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவிடம் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

“அது என் வாயில வராது மேடம்.”

ஏன் என்று கேட்டேன். வெறும் பானையைப் பார்த்துக்கூடத் தான் அப்படிச் சொன்னதில்லை என்றார். ஒரு தடவை சொல்லிவிட்டால் அது அந்த வீட்டில் குடிவந்துவிடும் என்றார். நான் சாமியாடாத குறைதான். இது வீடு இல்லை, கல்லூரி என்றேன். பானை இல்லை, பீரோ என்றேன். இந்தக் காலத்தில் யாராவது இதையெல்லாம் நம்புவார்களா என்று கத்தினேன். அவர் முந்தானைச் சாவியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் வந்தது. பிறகு கோபமும் வற்றிப்போய், அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

“அக்கா, நீங்க சொல்லலேன்னா, பிள்ளைககிட்ட இனிமே படிப்பு இல்லேன்னு நான் சொல்லணும். அது என் வாயில எப்படி வரும்?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து போய் டீ கிளாஸ்களைக் கழுவ ஆரம்பித்தார்.

வீடியோ கால் வந்த அன்று காலையில் கரண்ட் போய் வந்தது. மாணவிகள் வாசலில் கூடி நின்றார்கள். திரையில் நடுவர்கள் மூன்று பேர், ஓரத்தில் அந்தத் தம்பி. வணக்கம் சொன்னார்கள். அக்கா அன்றைக்குப் புதுச் சேலை கட்டி வந்திருந்தார், நெற்றியில் திருநீறு. தம்பி தமிழில் கேட்டார், “அம்மா, டிரான்சிஸ்டர் இருக்கா, இல்லையா?”

அக்கா டிராயரை இழுத்தார். உள்ளே பார்த்தார். வாய் திறந்து மூடியது. எனக்கு அந்த நேரத்தில் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது.

“இல்ல” என்றார்.

குரல் யாருடையதோ போல இருந்தது. அடுத்த டிராயரை இழுத்தார். “இதுவும் இல்ல.” அடுத்தது. “இல்ல.” தம்பி போதும் அம்மா என்றார், அவர் காதில் விழவில்லை. கடைசி டிராயர் வரைக்கும் இழுத்துச் சொல்லிக்கொண்டே போனார். அதற்கப்புறம் இழுக்க எதுவும் இல்லை. பீரோவைப் பார்த்துக்கொண்டு நின்றவர், “மொளகா போட்டோம், அதுவும் இல்ல. எம்மகன்ட்டருந்து ஒரு போனும் இல்ல” என்றார்.

அக்கா கடைசியாக என்ன சொன்னார் என்று நடுவர்களில் ஒருவர் தம்பியிடம் கேட்டார். பீரோவில் ஒன்றும் இல்லை என்கிறார் என்றார் தம்பி. அந்தத் தம்பி நன்றாக இருக்க வேண்டும்.

கருவிகள் வந்தன. பெரிய அட்டைப் பெட்டிகளை லாரி சர்வீஸ்காரர்கள் வராந்தாவில் இறக்கிவிட்டுப் போனார்கள். ஸ்கோப்பில் முதல் அலை ஓடியபோது மாணவிகள் போட்ட கூச்சலில் பிரின்சிபால் எட்டிப் பார்த்தார். ஆய்வுக்குழு வந்தது, தலையாட்டியது, போனது. தாளாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். துறை தப்பித்தது. நான் ரொம்ப நாளைக்குப் பிறகு வீட்டில் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

உதிரி பாகங்களை பீரோவில் அடுக்கும் வேலை மட்டும் அப்படியே கிடந்தது. அக்காவிடம் சொன்னேன். சாவியை முந்தானையிலிருந்து அவிழ்த்து என் மேஜையில் வைத்தார்.

“இது நான் இல்லேன்னு சொன்ன பீரோ மேடம். என் கையால வச்சாத் தங்காது. நீங்களே வைங்க.”

நானே வைத்தேன். டிரான்சிஸ்டர் எந்த டிராயர், கெப்பாசிட்டர் எந்த டிராயர் என்று அவர் வாசற்படிக்கு வெளியே நின்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. நான் பீரோவைப் பூட்டியதும் பக்கத்தில் வந்து, மாணவிகள் யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“டிராயருக்குச் சொன்னது இருந்துட்டுப் போகட்டும் மேடம். எம்மகனுக்குச் சொன்னத மட்டும் அந்தப் படத்துலருந்து அழிக்கச் சொல்ல முடியுமா?”

அந்த வீடியோ அழைப்பை யாருமே பதிவு செய்யவில்லை. அழிப்பதற்கு எங்கேயும் எதுவும் இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்ல முடியவில்லை. கேட்டுப் பார்க்கிறேன் அக்கா என்றேன். மறுநாள் காலையில் அவர் வந்ததும், அழித்துவிட்டார்களாம் என்றேன்.

“முழுசாவா?” என்று கேட்டார்.

முழுசா என்றேன்.